பிச்சியின் இரண்டு கடிகாரங்கள்

தோவாளைப் பூச்சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். சாக்கிலும் கூடையிலும் வந்து இறங்கும் பிச்சி அந்த நேரத்தில் வெறும் மொட்டுதான். நீளமாக, முனை கூர்ந்து, வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். கையில் அள்ளி முகர்ந்தால் பச்சை வாடைதான் வரும், மணம் இருக்காது. அதை வாங்கி, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்து, மத்தியானத்துக்கு மேல் வாழைநாரில் கட்டுகிறோம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் தலையில் இருக்கும் சரம் ஒவ்வொன்றாக இதழ் விரிக்கிறது. வீடு முழுக்க மணக்கிறது.

செடியை விட்டுப் பிரிந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேர் இல்லை, தண்ணீர் இல்லை. பகலில் பெரும்பகுதி துணிக்குள் இருட்டில் கிடந்ததால் சூரியன் எங்கே நிற்கிறது என்றும் அதற்குத் தெரிந்திருக்க வழியில்லை. பிறகு சாயங்காலம் ஆகிவிட்டது என்று எப்படித் தெரிந்தது?

வீட்டில் பிச்சி வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. நன்றாகத்தான் தண்ணீர் ஊற்றுகிறோம், எரு வைக்கிறோம், செடியும் கூரையைத் தொடும் அளவுக்குத் தழைக்கிறது. பூ மட்டும் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது. அடுத்த தெருவில் யாரோ கருணையே இல்லாமல் மொட்டையடித்த செடியில் மூன்று மாதம் கழித்துக் கூடை கூடையாகப் பூக்கிறது. அது ஏன்?

இரண்டு கேள்விகளும் நேரத்தைப் பற்றியவைதான். பிச்சிக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு. மொட்டுக்குள் ஓடுவது ஒரு நாளை அளக்கும் கடிகாரம். கம்பில் ஓடுவது ஒரு வருடத்தை அளக்கும் கடிகாரம். முதலாவதில் நாம் கை வைக்க முடியாது. இரண்டாவதற்குச் சாவி கொடுப்பதே நம் கையில் இருக்கும் கத்திதான்.

எது பிச்சி?

பெயரைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே போவோம். நாஞ்சில் நாட்டில் பிச்சி என்று சொல்வதை மதுரைப் பக்கம் ஜாதிமல்லி என்பார்கள். மலையாளத்திலும் பிச்சிதான், பிச்சகம் என்றும் சொல்வதுண்டு. தாவரவியலில் இதன் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். பெரிய பூப் பூக்கும் மல்லிகை என்று பொருள்.

பூ இல்லாத நாளிலும் இலையை வைத்தே அடையாளம் சொல்லலாம். குண்டுமல்லியின் இலை ஒற்றை இலை. பிச்சியின் இலை இறகு போன்றது: ஒரே காம்பில் எதிரெதிராகச் சிற்றிலைகள், நுனியில் மற்றவற்றைவிடப் பெரியதாக ஒன்று. அந்த இலைகளும் தண்டில் எதிரெதிராக, ஒரு கணுவுக்கு இரண்டாக உட்கார்ந்திருக்கும். 'கணுவுக்கு இரண்டு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கணக்குக்கு வேண்டியிருக்கும்.

நக்கீரர் காட்டிய சோதனை

சங்க இலக்கியத்தில் பித்திகம் என்று வருவது இந்தப் பிச்சிதான் என்பார்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஒரு காட்சி உண்டு. கூதிர் காலம். மழை விடவே இல்லை. வானம் மூடிக் கிடப்பதால் பகல் எப்போது முடிந்தது, இரவு எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் பூக்கூடையில் பித்திக மொட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவை இதழ் விரித்து மணந்ததும், 'அந்தி வந்துவிட்டது' என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

இதைக் கவிதையாகப் பல முறை படித்திருக்கிறேன். ஒரு நாள் சோதனைக் குறிப்பாகப் படித்தபோது சிலிர்த்துவிட்டது. மொட்டு செடியில் இல்லை, பறித்துக் கூடையில் இருக்கிறது. சூரியன் தெரியவில்லை. இரண்டு உதவிகளும் இல்லாதபோதும் மொட்டு சரியான பொழுதில் விரிகிறது. அப்படியானால் பொழுதை அளக்கும் ஏதோ ஒன்று மொட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதே முடிவை நோக்கி முதல் அடி வைத்தவர் பிரெஞ்சு வானியலாளர் டி மேரான். 1729இல் அவர் ஒரு தொட்டாச்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்தார். வெளிச்சமே படாவிட்டாலும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. இன்று இதை உள்கடிகாரம் என்கிறோம். உயிரணுவுக்குள் சில மரபணுக்கள் சில புரதங்களை உண்டாக்குகின்றன. அந்தப் புரதங்கள் சேர்ந்ததும் தங்களை உண்டாக்கிய மரபணுக்களையே அடக்குகின்றன. புரதம் சிதைந்ததும் தடை நீங்கி மறுபடி உற்பத்தி தொடங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். வெளிச்சம் இந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்குமே தவிர, ஓட்டுவது வெளிச்சம் கிடையாது. ஈயில் இந்த இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. செடிகளில் வேலை செய்யும் மரபணுக்கள் வேறு. சுற்றும் முறை இதேதான்.

அதிகாலையில் பறிக்கும்போது, அன்று சாயங்காலம் விரிய வேண்டிய மொட்டின் கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. காம்பைக் கிள்ளுவதால் அது நிற்பதில்லை.

இதழ் எப்படித் திறக்கிறது?

நேரம் தெரிந்தால் போதாது, திறக்க வலுவும் வேண்டும். மலரும் தறுவாயில் இருக்கும் மொட்டின் இதழ்களில் மாவுப்பொருள் சேமிப்பாக இருக்கும். நேரம் வந்ததும் அது சர்க்கரையாக உடைகிறது. சர்க்கரை மிகுந்த இடத்துக்குத் தண்ணீர் ஓடும். ஊறவைத்த உலர்ந்த திராட்சை உப்புவது இதே விதியால்தான். இதழின் உள்பக்க உயிரணுக்கள் வெளிப்பக்கத்தைவிட அதிகமாக உப்பும்போது இதழ் வெளிநோக்கி மடங்குகிறது. பூ திறக்கிறது.

பூ கட்டுகிறவர்கள் ஈரத்துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். சேமிப்பு மொட்டுக்குள் இருந்தாலும் தண்ணீர் வற்றிவிட்டால் இதழால் உப்ப முடியாது. மத்தியானம் காற்றில் காயவிட்ட மொட்டு சாயங்காலம் பாதி திறந்து நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சதசதவென்று நனைத்தாலும் கெடுதல்தான், புழுங்கிப் பழுப்பேறிவிடும்.

மணமும் அந்த நேரத்தில்தான் தயாராகிறது. மொட்டில் அது குப்பியில் அடைத்த அத்தர் போலக் காத்திருப்பதில்லை. மல்லிகை இனங்களில் மணப்பொருள்கள் சில சர்க்கரையோடு பிணைந்து, ஆவியாக முடியாத நிலையில் கிடக்கின்றன. மலரும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. வேறு சில அப்போதைக்கப்போது புதிதாக உருவாகின்றன. வெள்ளை நிறம், நீண்ட குழல், இரவு மணம் மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் பூ யாரை எதிர்பார்க்கிறது என்று தாவரவியலாளர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சியை.

பறித்த பின்னும் மணம் உண்டாக்கும் இந்தக் குணத்தைப் பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். அங்கே வளர்ப்பதும் இதே பிச்சி இனம்தான். கண்ணாடிச் சட்டத்தில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைப் பரப்பி ஒரு நாள் விடுவார்கள். உயிரோடிருக்கும் பூ மணத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும், கொழுப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூப் பரப்புவார்கள். 1921இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ஷனேல் நம்பர் 5 நறுமணத்தில் கிராஸ் நகரத்துப் பிச்சி உண்டு. ஒரு கிலோவுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் பூ நிற்கும். இப்போதைய முறையில் ஒரு கிலோ வாசனை மெழுகு எடுக்க 300 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அத்தனையும் கையால் கிள்ளியவை. தமிழ்நாட்டுப் பிச்சியும் மல்லியும் அந்த வாசனைத் தொழிலுக்கும் போகின்றன.

என் வீட்டு மூடு

இனி இரண்டாவது கடிகாரம். இதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

வீட்டு முற்றத்தில் ஒரு மூடு பிச்சி வைத்தேன். (ஒரு செடியை இங்கே ஒரு மூடு என்போம்.) முதல் வருடம் நன்றாகப் பூத்தது. அந்த மகிழ்ச்சியில் செடிமேல் கத்தியே படவிடவில்லை. இரண்டாம் வருடம் அது மதிலைத் தாண்டியது. மூன்றாம் வருடம் பக்கத்து மாமரத்தில் ஏறியது. இலை என்றால் அப்படி ஓர் இலை. பூவோ, எட்டாத உயரத்தில், நுனிக்கு நுனி இரண்டு மூன்று. காலையில் தரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கத்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், ஆயுசு முழுக்கப் பூவோடு கிடந்தவர், செடியைப் பார்த்துவிட்டு வெட்டுக்கத்தி கேட்டார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே எல்லாக் கம்பையும் ஒரே மட்டமாகத் தறிக்கத் தொடங்கினார்.

"பாட்டா, இவ்வளவும் வெட்டணுமா?" என்றேன். குரலே சரியாக வரவில்லை.

"பாவம் பாத்தா பூ கெடைக்காது, கேட்டியா மக்கா? பூ பழைய கம்புலயா வரும்? புதுக் கம்புலல்லா வரும்!"

தாவரவியல் புத்தகம் சில பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிச்சியில் பூங்கொத்து பிறப்பது அந்தப் பருவத்தில் புதிதாக ஓடிய துளிரில்தான். வருடக்கணக்கில் முற்றி, பட்டை பழுத்த கம்பு தானாகப் பூக்காது. அது புதுத் துளிரைத் தாங்கி நிற்கும் தூண். தூண் நீண்டுகொண்டே போனால் பூவும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

நுனி செலுத்தும் ஆதிக்கம்

சரி, பழைய கம்பை வெட்டாமலே விட்டாலும் அதன் பக்கங்களில் புதுத் துளிர் வரலாமே? ஏன் வருவதில்லை?

எந்தச் செடியிலும் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தை உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு மொட்டு தெரியும். இது பூமொட்டு இல்லை. ஒரு முழுக் கிளைக்கான வித்து. இதைக் கணுமொட்டு என்று சொல்வோம். ஒவ்வொரு கணுமொட்டும் கிளையாக முடியும். ஆனாலும் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டே இருக்கும். மேலே நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரை கீழே உள்ளவை எழுவதில்லை. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர்.

நுனி எப்படி ஆள்கிறது என்பதற்கு முதல் துப்பு 1933இல் கிடைத்தது. கென்னத் திமன், ஃபோல்கே ஸ்கூக் என்ற இருவர் அவரைக்கு உறவான ஒரு செடியின் நுனியை வெட்டினார்கள். எதிர்பார்த்தபடி கணுமொட்டுகள் விழித்துக்கொண்டன. அதே இனத்தின் வேறு செடிகளில் நுனியை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சின் என்ற வளரூக்கியை வைத்தார்கள். நுனியில் இயல்பாக உண்டாகும் பொருள் அது. நுனி போய்விட்டது, அதன் ஆக்சின் மட்டும் இருக்கிறது. கணுமொட்டுகள் எழவில்லை. அரசன் இல்லாவிட்டாலும் முத்திரை மோதிரம் போதுமாயிருந்தது.

பல பத்தாண்டுகளுக்கு இதுவே முழுக் கதை என்று நம்பினார்கள். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆக்சின் தண்டில் இறங்குவது மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். நுனியை வெட்டிய சில மணி நேரத்திலேயே, வெகு கீழே இருக்கும் கணுமொட்டு அசையத் தொடங்கிவிடுகிறது. மேலே ஆக்சின் நின்றுபோன சேதி அவ்வளவு விரைவில் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாதே?

2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் பெவரிட்ஜ் குழுவினர் பட்டாணிச் செடியில் விடை கண்டார்கள். முதலில் போய்ச் சேருவது சர்க்கரை. இலைகள் சமைத்த சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் நுனி இழுத்துக்கொள்கிறது; கணுமொட்டுகள் பட்டினியில் உறங்குகின்றன. நுனியை வெட்டியதும் அந்தச் சர்க்கரைக்குப் போக்கிடம் இல்லை. அது ஆக்சினைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாகப் பாய்ந்து கணுமொட்டுகளை எழுப்பிவிடுகிறது. எழுந்தவற்றில் எது தொடர்ந்து வளரும், எது மறுபடி அடங்கும் என்பதை ஆக்சினும் மற்ற வளரூக்கிகளும் பிறகு தீர்மானிக்கின்றன.

நல்ல வீட்டுச் சமையற்கட்டு நினைவுக்கு வருகிறது. மூத்தவன் ஊருக்குப் போனதும் இளையவர்களுக்கு ரெண்டு கரண்டி அதிகம் விழும்.

ஒரு கம்பின் கணக்கு

பெரியவர் தறித்த (கவாத்துச் செய்த) செடியில் ஒரே ஒரு கம்பை எடுத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு முன் அதற்கு ஒரு நுனி. ஆகவே அதிகம் போனால் நுனியில் ஒரு பூங்கொத்து, பக்கத்தில் ஒன்றிரண்டு.

இப்போது வெட்டியாயிற்று. வெட்டுவாய்க்குக் கீழே மேலிருந்து மூன்று கணுக்கள். கணுவுக்கு இரண்டு கணுமொட்டு, ஆக ஆறு. எல்லாமே பிழைக்காது. ஒன்று நிழலில் சோர்ந்துவிட்டது, இன்னொன்றைக் காற்று ஒடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் நான்கு துளிர்கள் மிச்சம். செடியில் பத்துக் கம்புகள் என்றால் பத்து நுனி இருந்த இடத்தில் நாற்பது நுனி.

இதோடு நிற்பதில்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு துளிரும் சில கணு தூரம் ஓடி, நுனியில் கொத்தாக மொட்டு விடுகிறது. கொத்தை உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். நட்டநடுவில் இருக்கும் மொட்டுதான் முதலில் விரியும். பக்கத்தில் உள்ளவை பிறகு, ஒரு நாள் இரண்டு நாள் இடைவெளியில். நடுமொட்டுதான் அந்தத் துளிரின் உண்மையான நுனி. நுனியே பூவாக மாறிவிட்டபின் அந்தத் துளிர் இனி நீளாது. நுனியின் ஆதிக்கமும் அங்கேயே முடிந்துபோகிறது. உடனே கொத்துக்குக் கீழே இருக்கும் கணுமொட்டுகள் விழிக்கின்றன. இரண்டு புதுத் துளிர். அவையும் ஓடி, பூத்து, நுனியை இழந்து, தலா இரண்டைத் தருகின்றன. நாற்பது எண்பதாகிறது, எண்பது நூற்று அறுபதாகிறது. ஒவ்வொரு பூங்கொத்தும் செடி தனக்குத்தானே செய்துகொள்ளும் ஒரு சின்னக் கவாத்து.

காகிதத்தில் இரட்டித்துக்கொண்டே போகலாம். செடியில் அப்படிப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் துளிர் மெலிகிறது, கணு இடைவெளி குறுகுகிறது, கொத்தில் மொட்டு குறைகிறது. இலைகள் சமைக்கும் சர்க்கரையும் வேர் எடுக்கும் சத்தும் இத்தனை நுனிகளுக்குப் பங்கு போட்டால் கட்டுப்படியாகாது. வெயில் காலத்தில் தொடங்கி மழைக்காலம் வரை ஓடிய செடி கார்த்திகை மார்கழியில் களைத்து நிற்பதைப் பார்க்கலாம். கடிகாரத்துக்குச் சாவி தீர்ந்துவிட்டது. கவாத்துச் செய்தால் மெலிந்த நூற்று அறுபது போய், தடித்த கம்பிலிருந்து எழும் வலுவான நாற்பதில் மறுபடி கணக்குத் தொடங்கும்.

கத்தியை எப்போது எடுப்பது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூன்று மல்லிகைகளுக்கும் மூன்று தேதி சொல்கிறது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். தரையிலிருந்து சுமார் 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்ட வேண்டும். காய்ந்த கம்பு, நோய் கண்ட கம்பு, ஒன்றோடொன்று உரசும் கம்பு ஆகியவற்றை அடியோடு எடுத்துவிட வேண்டும்.

ஏன் மார்கழி? நாஞ்சில் நாட்டில் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை தூரத்தில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெயிலை மறைக்கிறது, மார்கழியில் பனி இறங்குகிறது. வெயிலை நம்பிப் பூக்கும் பிச்சிக்கு அது எப்படியும் மந்தமான காலம். மந்தமான நாளில் வெட்டினால் இழக்கும் பூ குறைவு. எழும் துளிருக்கு முன்னால் முழுக் கோடையும் இருக்கிறது. முன்கூட்டியே, மழை தொடங்கும் சமயத்தில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் இறங்கிக் கம்பு அழுகும்.

தை மாதம் பூ விலை ஏன் தலைக்கு மேல் போகிறது என்பதற்கும் பாதி விடை இதில் இருக்கிறது. கல்யாணங்களும் பொங்கலும் வரும் மாதத்தில் தோட்டங்கள் மொட்டையாக நிற்கின்றன. எனவே பூவில்லாக் காலத்தை நிரப்பும் இனங்களைத் தேடுகிறார்கள். அதே வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நட்சத்திர மல்லிகை, வருடம் முழுக்கப் பூப்பது, அந்தத் தேடலில் கிடைத்த ஒன்று. தோவாளையிலேயே மலரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இருக்கிறது. பயிரிடுகிறவர்கள் போய்க் கேட்டுவரலாம்.

வீட்டில் இரண்டு மூடு இருந்தால் நான் சொல்லும் யோசனை: ஒன்றை டிசம்பர் கடைசியிலும் மற்றதை மூன்று வாரம் கழித்தும் வெட்டுங்கள். பூ ஒரேயடியாகக் கொட்டி ஒரேயடியாக ஓயாமல் பரவலாக வரும்.

வேர் கேட்பது

புதிதாக வைப்பவர்கள் பதியம் போட்ட செடியோ வேர்பிடித்த குச்சியோ வாங்கி, ஆனி தொடங்கிக் கார்த்திகைக்குள் நடலாம். ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி, அதில் மக்கிய சாணி எரு. செடிக்குச் செடி ஐந்தடியாவது விட வேண்டும். இடத்தைப் பொறுத்தவரை எனக்குச் சமரசமே கிடையாது: முழு வெயில். தென்னை நிழலிலும் மாமரத்தடியிலும் பிச்சி உயிரோடிருக்கும், பூக்காது. சர்க்கரை சமைக்க வெயில் வேண்டும், அந்தச் சர்க்கரைதான் கணுமொட்டை எழுப்புகிறது என்று மேலே பார்த்தோமே.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து நிலமும் விளவங்கோட்டு நிலமும் ஒரே மாவட்டம்தான், ஆனால் பிச்சிக்கு இரண்டும் இரண்டு உலகம். கிழக்கே மழை குறைவு, கணவாய்க் காற்று கடுமை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ஆடி மாதத்தில் மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அங்கே தடம் எடுத்துச் சருகு மூடித் தண்ணீரைக் காப்பதுதான் பெரிய வேலை. மேற்கே இரண்டு பருவமழையும் தாராளம். அங்கே தடத்தில் தண்ணீர் தேங்காமல் வடிப்பதுதான் வேலை. மேட்டுப்பாத்தியில் நட்டால் நல்லது.

தண்ணீர் தேங்கிய இடத்திலும், சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் ஒரு குறை வரும். இளம் இலை வெளுத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலரும் யூரியா போடுகிறார்கள். தேவை இரும்புச்சத்து. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத நிலை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து மாதம் ஒரு முறை இலையில் தெளித்தால் துளிர் மறுபடி பச்சைக்கு வரும். வடிகாலையும் சரிசெய்தால்தான் அது நிலைக்கும்.

எருவை இரண்டு தடவையாக வையுங்கள்: கவாத்து முடிந்ததும் ஒன்று, ஆனி ஆடியில் ஒன்று. இரண்டாவது தவணை, துளிர் மெலியத் தொடங்கும் சுற்றுக்குப் போய்ச் சேரும்.

புழு கடித்தால் செடி என்ன சொல்கிறது?

பிச்சி மொட்டில் பொடித்துளை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. ஒரு மொட்டைக் குடைந்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பக்கத்து மொட்டுகளை நூலால் பிணைத்தும் வைக்கும். வீட்டுச் செடி என்றால் தினமும் காலையில் துளை விழுந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவதே போதும். கீழே போட்டுவிடக் கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும்.

புழு கடிப்பதைச் செடி உணர்வதற்கும் பிச்சிக்கும் ஓர் உறவு உண்டு. 1962இல் பிச்சிப்பூவின் வாசனை எண்ணெயை ஆராய்ந்தவர்கள் அதில் ஒரு மணப்பொருளைப் பிரித்தெடுத்து, மெத்தில் ஜாஸ்மோனேட் என்று பெயர் வைத்தார்கள். மல்லிகையின் பெயரையே வைத்தார்கள். அன்றைக்கு அது வாசனைத் தொழிலுக்கான பொருள், அவ்வளவுதான்.

1990இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃபார்மர், கிளாரன்ஸ் ரயன் இருவரும் இந்தப் பொருளை இயல்பாகவே வெளிவிடும் ஒரு பாலைநிலப் புதரை, நம் மரிக்கொழுந்துக்கு உறவான செடி அது, தக்காளிச் செடியோடு ஒரே அறையில் மூடி வைத்தார்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. தக்காளியை எந்தப் புழுவும் கடிக்கவுமில்லை. ஆனாலும் தக்காளி இலைகள் புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. காற்றில் வந்த மணமே எச்சரிக்கை. காயம் பட்டதும் செடிகள் தமக்குள் இந்த வகைப் பொருள்களை உண்டாக்கி, தற்காப்பை முடுக்கிவிடுகின்றன என்பது இன்று பாடநூல் செய்தி. ஏறத்தாழ எல்லாப் பூக்கும் செடிகளிலும் இருக்கும் ஒரு வளரூக்கி, முதலில் அகப்பட்டது பிச்சியின் மணத்தில். தலையில் வைத்துக்கொண்ட பூவுக்குள் செடிகளின் அபாயச் சங்கும் இருந்திருக்கிறது.

மாசியில் முதல் துளிர்

பாட்டா வெட்டிப்போட்ட மறுவாரம் செடியைப் பார்க்கவே மனம் வரவில்லை. சாம்பல் நிறக் குச்சிகள் பத்து, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் வெட்டுவாய்க்குக் கீழே, கணுவுக்கு இரண்டாக, செம்பச்சையில் கடுகளவு முளைகள். மாசியில் அவை ஒரு சாண். நிறைய முளைத்த இடத்தில் மெலிந்தவற்றைக் கிள்ளினேன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. சித்திரை பிறந்ததும் நுனிகளில் இலை சிறுத்து, அதன் நடுவே இளஞ்சிவப்பு முனைகள் தெரிந்தன. ஆவணியில் ஓணத்துக்குப் பூ வாங்கச் சந்தைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் விடியும் முன் கால்படி மொட்டுப் பறித்து, நடுவறையில், சன்னல் சாத்தி, ஒரு தட்டில் பரப்பி ஈரத்துணி மூடினேன். நெடுநல்வாடைப் பெண்களின் சோதனையை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. காலையிலிருந்தே மழை. மூன்று மணிக்கே வீடு இருண்டுவிட்டது, மின்சாரமும் போய்விட்டது. நான்கு மணிக்குத் துணியைத் தூக்கிப் பார்த்தேன்: மொட்டு. ஐந்துக்கும் மொட்டு, முனைகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அப்புறம் வேறு வேலையில் மறந்துபோனேன். அடுக்களையில் இருந்தவளுக்குத்தான் முதலில் மணம் வந்தது. "விளக்கு வைக்க நேரமாச்சே, தீப்பெட்டி எங்க?" என்று கேட்டாள். கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஆறு பத்து.